'பட்டாளத்தான் கொல்லை': கொள்ளுத் தாத்தாவின் பதிவை எங்கே தேடுவது?

தோல்கணக்கு | மே 18, இரவு 10:12

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பற்றும் வரவும் பொருந்தாவிட்டால் தூக்கம் பிடிக்காத ரகம். இப்போது எங்கள் வீட்டுக் கணக்கே ஒன்று பொருந்தவில்லை.

சொந்த ஊர் போளூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். ஏரிக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் 12 சென்ட் மானாவாரி நிலம் இருக்கிறது. கேழ்வரகும் மணிலா என்கிற வேர்க்கடலையும் தவிர வேறொன்றையும் அது பார்த்ததில்லை. ஊரில் அதற்குப் பெயர் 'பட்டாளத்தான் கொல்லை'. பட்டாளத்தான் என்பவர் என் அப்பாவின் தாத்தா. முதல் உலகப் போரில் பஸ்ராவுக்குப் போனார், பாலம் கட்டும்போது குண்டு விழுந்து இறந்தார், அதற்காக வெள்ளைக்காரன் இந்த நிலத்தைக் கொடுத்தான். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இவ்வளவுதான்.

இப்போது என் சித்தப்பா மகன்கள் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்கப் பேசி முடித்திருக்கிறார்கள். நான் தடுக்கவில்லை, எனக்கும் பங்கு வருகிறது. ஆனால் வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு என்று எல்லாம் பேசிய பிறகு, "இவர் எந்த வருடம் இறந்தார்?" என்று ஒரு கேள்வி கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர்கூட இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

கையில் இருக்கும் ஒரே சாட்சி ஒரு வெள்ளிக் காசு. காசு என்றுதான் வீட்டில் சொல்வோம், உண்மையில் பதக்கம். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒருவன், 1914, 1918 என்று இரண்டு வருடங்கள். குதிரையில் இருப்பவரை அய்யனார் என்று நம்பி என் பாட்டி அதை விளக்கு மாடத்தில் வைத்துக் குங்குமம் இட்டுவந்தார். விளிம்பில் எழுத்து இருக்கிறது. எழுபது வருடக் குங்குமமும் எண்ணெயும் அடைத்திருப்பதால் பாதிதான் தெரிகிறது. நான்கு இலக்க எண் ஒன்று, நடுவில் கொள்ளுத் தாத்தாவின் பெயர்போல ஏதோ, கடைசியில் '2', அப்புறம் 'க்யூ.வி.ஓ.' என்று மூன்று எழுத்துகள். க்யூவில் தொடங்கும் இனிஷியல் போளூர்ப் பக்கம் யாருக்கு இருக்கும் என்று நினைத்து நினைத்து மண்டை காய்ந்துவிட்டது.

பையனின் நுழைவுத் தேர்வுக்காக டெல்லி போனபோது இந்தியா கேட்டில் இரண்டு மணி நேரம் கழுத்து வலிக்க நின்று பெயர்களைப் படித்தேன். கிடைக்கவில்லை. இங்கே ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "அந்தக் காலத்தில் செத்தவருக்கு இப்போது என்னம்மா சலுகை?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நான் சலுகை கேட்கவில்லை, சாவு எப்போது என்றுதான் கேட்டேன்.

காகிதம் ஒன்றும் இல்லை. டிரங்குப் பெட்டியோடு கரையான் தின்றுவிட்டது. இதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய சாப்பர் | மே 19, காலை 5:50

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். திருநீறு, பிராஸோ எதுவும் வேண்டாம். விளிம்பு எழுத்து ஆழமில்லாதது. தேய்த்தால் பளபளக்கும், படிக்கத்தான் முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு இருட்டு அறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துச் செல்பேசியில் படம் எடுங்கள். எழுத்தின் நிழல் விழும்.

க்யூ.வி.ஓ. இனிஷியல் இல்லை. 'குவீன் விக்டோரியாஸ் ஓன்', விக்டோரியா ராணியின் சொந்தப் படை என்று பொருள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் 'எஸ். அண்ட் எம்.' என்று இருக்கும், சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை. முன்னால் இருக்கும் 2, அந்தக் காலத்தில் சாப்பர் படைகளுக்கு இருந்த வரிசை எண். வங்காளத்துக்கு ஒன்று, மதராஸுக்கு இரண்டு, பம்பாய்க்கு மூன்று. ஆக உங்கள் கொள்ளுத் தாத்தா மதராஸ் சாப்பர். 1780-இல் தொடங்கிய படை. நான் 28 வருடம் சோறு தின்றதும் அதே வீட்டில்தான். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் என்ஜினியர் குரூப், இருப்பிடம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை. எங்களை மற்ற படைக்காரர்கள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். சுபேதாராக இருந்தாலும் தம்பிதான்.

பாலம் கட்டும்போது என்று உங்கள் வீட்டில் சொல்வதில் தப்பில்லை. பாலம், சாலை, அகழி, கண்ணிவெடி எல்லாம் எங்கள் வேலை. அந்தப் போரில் மதராஸ் சாப்பர்கள் பிரான்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, மெசபடோமியா என்று பிரிந்து போனார்கள். இன்றைய ஈராக்தான் மெசபடோமியா, அங்கே இறங்குகிற துறைமுகம் பஸ்ரா. அதனால் அந்தப் போர்முனையில் எங்கே இறந்தாலும் ஊருக்கு வந்த சேதி 'பஸ்ரா'தான். ஊர்ப் பெயரை அப்படியே நம்பாதீர்கள், திசை சரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதக்கம் வெள்ளியா என்று உறுதிசெய்யுங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் படைவீரருக்கு வெள்ளியில், தொழிலாளர் படை, சுமைகூலிப் படை ஆட்களுக்கு வெண்கலத்தில். வெள்ளி என்றால் அவர் துப்பாக்கி பிடித்தவர். இதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்திருக்கும், வெற்றிப் பதக்கம், இறக்கை விரித்த பெண் உருவம். அது எங்கே போனதோ. நம் பக்கத்தில் வெள்ளிப் பதக்கங்கள் முக்கால்வாசி கொலுசாகிவிட்டன. உங்களுடையது அய்யனார் தயவில் தப்பியது.

பெங்களூரில் போய்த் தனிக் கோப்பு கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 1914-18 காலத்துச் சாதாரண சாப்பருக்குத் தனிக் கோப்பு கிடைக்கும் என்று நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். லண்டனில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத்தான் கட்டுக்கட்டாக இருக்கிறது, நம் சிப்பாய்களுக்கு இல்லை. பஞ்சாபுக்கு மட்டும் அதிர்ஷ்டம். அந்த மாகாணத்து வீரர் பட்டியல்கள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன, 2021-இல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். நாம் வேறு வழியில்தான் போக வேண்டும்.

எண் முழுவதும் தெரிந்ததும் எழுதுங்கள். பெயரைவிட எண்தான் முக்கியம். ஒரே கம்பெனியில் ஐந்து முனிசாமி இருப்பார்கள், ஒரே எண்ணில் ஒருவர்தான்.

---

சேலத்து வாசகி | மே 19, பிற்பகல் 2:31

அக்கா, சுபேதார் ஐயா சொன்னதிலிருந்து தொடர்கிறேன். என் அம்மா வழித் தாத்தாவின் அண்ணனை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன். மூன்று வருடம் ஆனது. அதில் இரண்டரை வருடம் தப்பான எழுத்துக்கூட்டலில் தேடியதால் போனது.

இந்தியா கேட்டை விடுங்கள். அங்கே 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தாலும், பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கான் போரிலும் இறந்தவர்கள். மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களுக்கு பஸ்ரா நினைவிடம் என்று தனியாக இருக்கிறது, 40,000-க்கு மேற்பட்டவர்களுக்கானது. ஆனால் அங்கே போய் நின்றாலும் நம் ஆட்களின் பெயரைப் படித்திருக்க முடியாது. வெள்ளைக்காரர்களில் சிப்பாய் வரை ஒவ்வொரு பெயரையும் கல்லில் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகள் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, மற்றவர்களை 'இந்தப் படையில் இத்தனை பேர்' என்று தொகையாகப் போட்டுவிட்டார்கள். பெயர்கள் தனியாக அச்சிட்ட பதிவேட்டில் இருந்தன. இந்த வேறுபாட்டை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஒரு விசாரணை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் தடவை படித்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நல்ல சேதி: அந்தப் பதிவேடு இப்போது ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, காசில்லாமல் தேடலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் மட்டும். உயிரோடு ஊர் திரும்பியவர் அதில் இருக்க மாட்டார். அப்படித் தேடி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

தேடும்போது பெயர்ப் பெட்டியைக் காலியாக விடுங்கள். விளிம்பில் இருக்கும் அந்த நான்கு இலக்கப் படை எண்ணை மட்டும் போட்டு, எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் இந்தியப் படையைத் தேர்ந்தெடுங்கள். எண் பாதிதான் தெரிகிறது என்றால், 'கூடுதல் தகவல்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் போளூர் என்று ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். 'இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, வட ஆற்காடு, மதராஸ்' என்கிற மாதிரி ஒரு வரி பலருக்கு இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதியவர் கேட்டு எழுதியிருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் ஊர்ப் பெயரை வாய்விட்டு ஒரு வெள்ளைக்காரன்போலச் சொல்லிப் பாருங்கள், அப்படித்தான் எழுதியிருப்பார்கள். முனிசாமி மூனூசாமியாகவும், கிருஷ்ணசாமி கிஸ்ட்னசாமியாகவும், முருகேசன் மூரூகேசனாகவும் கிடப்பார்கள். விடையைப் பட்டியலாகத் தரவிறக்கும் வசதியும் உண்டு. கணக்கு எழுதுகிறவர் உங்களுக்கு நான் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

---

தோல்கணக்கு | மே 27, இரவு 11:48

ஐயா, தங்கை, இரண்டு பேருக்கும் நன்றி. கிடைத்துவிட்டார்.

பதக்கத்தை மூன்று நாள் ஊறவைத்தேன். தண்ணீர் சிவந்துபோனது. பாட்டி இருந்திருந்தால் என்னை வீட்டைவிட்டு அனுப்பியிருப்பார். எண் முழுவதும் தெரிந்தது. தளத்தில் எண்ணைப் போட்டதும் இந்தியப் படையில் அதே எண்ணோடு ஒன்பது பேர். ஒருவருக்குத்தான் ஒரு எண் என்றீர்களே என்று ஒரு நிமிடம் திகைத்தேன். பிறகுதான் புரிந்தது: ஒவ்வொரு படைக்கும் எண் வரிசை தனி. நம் வவுச்சர் எண் மாதிரிதான், லெட்ஜரைச் சொல்லாமல் வவுச்சர் எண்ணை மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று வடிகட்டியதும் ஒருவர்தான் மிஞ்சினார்.

பெயரில் ஓர் எழுத்து கூடுதல். ஊர், உலகத்தில் எங்கும் இல்லாத ஊர். ஆனால் தாலுகா போளூர், ஜில்லா வட ஆற்காடு. தகப்பனார் பெயர் சரியாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும் பெயர் அது. இறந்தது 1916 ஜூலை. நினைவிடம் பஸ்ரா.

ஜூலை மாதம் என்றதும் உட்கார்ந்து படித்தேன். அந்தக் கோடையில் மெசபடோமியாவில் குண்டைவிட வெயிலும் காலராவும் வயிற்றுப்போக்கும்தான் ஆட்களைக் கொன்றன என்கிறார்கள். என் கொள்ளுத் தாத்தா எதில் போனார் என்று அந்த வரியில் இல்லை. பாலத்தின்மேல் குண்டு விழுந்த கதையை வீட்டில் இன்னும் நான் கலைக்கவில்லை.

இன்னொன்று. 'இன்னார் மகன்' என்று இருக்கிறது. மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போது அவருக்குக் கைக்குழந்தை இருந்திருக்க வேண்டும், அந்தக் குழந்தைதான் என் தாத்தா. 84 வயதான என் அத்தையிடம் அந்த அம்மாளின் பெயர் என்ன என்று கேட்டேன். "எங்களுக்கு ஆயா. ஊருக்குப் பட்டாளத்தான் பெண்சாதி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை" என்றார்.

---

வெட்டிவேர் | மே 28, காலை 9:05

வெள்ளைக்காரனுக்காகச் செத்தவரைத் தேடி எதற்கு இவ்வளவு பெருமை? அந்தக் காலத்தில் சிறைக்குப் போனவர்களைத் தேடினாலாவது பிரயோசனம் உண்டு.

---

தோல்கணக்கு | மே 28, பகல் 1:10

பெருமை என்று நான் எங்கும் எழுதவில்லை, மேலே போய்ப் படித்துப் பாருங்கள். அவர் எதற்காகப் போனார் என்று எனக்குத் தெரியாது. அப்போது ஒரு சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம் என்று தெரியும். எங்கள் கொல்லையில் மணிலா எவ்வளவு விளையும் என்றும் தெரியும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது.

---

பழைய சாப்பர் | மே 28, இரவு 8:22

போரில் இறந்தவர் என்று உறுதியானதால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வெண்கலத்தில் ஒரு வட்டத் தட்டு இருந்ததா? உள்ளங்கையைவிடப் பெரியது, குறுக்களவு 12 சென்டிமீட்டர். போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ராஜா பெயரால் அனுப்பினார்கள், நம் நாட்டுக் குடும்பங்களுக்கும் வந்திருக்கிறது. அதில் நின்ற கோலத்தில் ஒரு பெண், ஒரு கையில் சூலம், காலடியில் சிங்கம். பிரிட்டானியா என்பார்கள். பக்கத்தில் சிறிய சட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் மட்டும் புடைப்பாக இருக்கும். பதவி, எண் கிடையாது. சாவில் எல்லோரும் ஒன்று என்பதற்காக அப்படிச் செய்தார்களாம். கல்லில் பெயர் வெட்டும்போது இந்த ஞானம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அத்தையிடம் கேளுங்கள். பெரும்பாலும் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போயிருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

வெட்டிவேர் தம்பிக்கு: போர் முடிந்து பத்து வருடத்துக்குள், மதராஸ்காரன் வீரப் பரம்பரை இல்லை என்று சொல்லி மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். சாப்பர்களை மட்டும் விட்டுவைத்தார்கள், பாலம் கட்ட ஆள் வேண்டுமே. இதுவும் வரலாறுதான். கோபப்படுவதற்கும் முதலில் பதிவேட்டைப் படிக்க வேண்டும்.

---

கர்ணம் பேரன் | மே 30, காலை 7:15

ராணுவப் பக்கத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் நிலத்தைப் பேசுகிறேன். தாத்தா கர்ணம், நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பட்டாளத்தான் கொல்லை என்ற பெயரில் எங்கள் பக்கம் ஊருக்கு ஒன்று இருக்கிறது. விசாரித்தால் பாதிக்குமேல் சர்க்கார் கொடுத்ததாக இருக்காது.

சர்க்கார் கொடுத்தால் அதற்கு ஒப்படை என்று பெயர். ஒப்படை செய்ய வேண்டுமானால் நிலம் முதலில் சர்க்கார் தரிசாகவோ புறம்போக்காகவோ இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் பட்டாவில் தீர்வை கட்டிக்கொண்டிருக்கும் நிலத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குப் பரிசு கொடுக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் கேள்வி இதுதான்: போருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது? தரிசு என்றிருந்தால் உங்கள் வீட்டுக் கதை நிற்கும். ஒரு பெயர் இருந்தால் கதை விழுந்தது, கிரயம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போதைய பட்டாவில் இருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். 1980-களில் யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பு நடந்தபோது உட்பிரிவுகள் எல்லாம் மாறின. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் பழைய எண், புதிய எண் என்ற இரண்டு கலங்களையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகப் பதிவறை. போளூர் 1989 வரை வட ஆற்காட்டில் இருந்தது, பிரிந்து திருவண்ணாமலை மாவட்டமானது. பழைய கட்டு ஒன்று இங்கே இல்லை என்றால் வேலூரிலும் கேளுங்கள். மாவட்டம் பிரியும்போது காகிதம் எந்த லாரியில் ஏறியது என்று காகிதத்துக்குத்தான் தெரியும். அதிலும் கிடைக்காவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகம். வாய்வார்த்தையாகக் கேட்காமல் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தாகக் கேளுங்கள், 'இல்லை' என்ற பதிலும் எழுத்தாக வரும்.

ஊரில் பழைய கர்ணம் வீட்டாரையும் ஒருமுறை பாருங்கள். 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் போனபோது கணக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எங்கள் வீட்டுப் பரணிலேயே நாலு அடங்கல் இருந்தது.

கிரயம் என்று தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் கையால் தேட மனுப்போட வேண்டும். அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆள் பெயர்ப்படி, இன்னொன்று சொத்துப்படி. நீங்கள் சொத்துப்படி தேடச் சொல்லுங்கள். ஏனென்றால் யார் பெயரில் வாங்கினார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. கிடைத்தால் நகலை முழுவதுமாகப் படியுங்கள். அந்தக் காலத்துப் பத்திரத்தில் ஊர், ஜாதி, மதம், ஜீவனம், தகப்பன் அல்லது புருஷன் பெயர் எல்லாம் எழுதுவார்கள். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள்.

விற்பனைக்கு முன்பணம் கைமாறிவிட்டதா? ஒப்படை நிலமாக இருந்தால் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

---

தோல்கணக்கு | ஜூலை 9, இரவு 10:35

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். ஆறு சனிக்கிழமைகள் போளூர்ப் பக்கம் அலைந்தேன்.

கர்ணம் பேரன் ஐயா, நீங்கள் சொன்னபடியே. பழைய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தரிசு என்று இல்லை, ஒருவர் பெயர் இருக்கிறது. அவருடைய வாரிசுகள் இன்னும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. வெள்ளைக்காரன் கொடுத்தான் என்ற கதை அங்கேயே முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று 1915 முதல் 1930 வரை சொத்துப்படி தேட மனுப்போட்டேன். தேடிக் கொடுத்த எழுத்தர் ஒரு பெரியவர், ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கிறதாம். புத்தகத்தை அவரே தூசி தட்டிப் பிரித்து, "உங்களுக்காக இல்லையம்மா, எனக்கே பார்க்க ஆசையாக இருக்கிறது" என்றார்.

1923-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம். ரூபாய் 160 ரொக்கம். நான்கு எல்லை சரியாக இருக்கிறது, மேற்கே ஏரி வாய்க்கால். வாங்கியவர் 'பட்டாளத்தில் காலஞ்சென்ற' என்று தொடங்கி, கொள்ளுத் தாத்தாவின் பெயர், 'பெண்சாதி', அதற்குப் பிறகு ஒரு பெயர். ஒரு பெண்ணின் பெயர், முழுதாக, மை கொஞ்சம் ஊறியிருந்தாலும் தெளிவாக. எழுத்தர் வாய்விட்டுப் படித்தார். எனக்கு அந்த இடத்தில் உட்கார நாற்காலி இல்லை, புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சொல்லி முடித்த பிறகு பார்க்கலாம்.

160 ரூபாய் என்பது ஒரு சிப்பாயின் பதினான்கு மாதச் சம்பளத்துக்கும் மேலே. புருஷன் இறந்து ஏழு வருடம் கழித்து, ஒரு பையனை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் அதை எப்படிச் சேர்த்தார் என்று பத்திரத்தில் இல்லை. குடும்ப ஓய்வூதியம் வந்திருக்கலாம். அத்தை இப்போது யோசித்து யோசித்து ஒன்று சொல்கிறார்: ஆயாவின் இரண்டு உள்ளங்கையும் காய்த்து மரக்கட்டை மாதிரி இருக்குமாம், தலை வாரிவிடும்போது முடி அதில் சிக்குமாம். அந்தக் காலத்தில் வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை என்பதால் பத்திரத்தில் ஒரு ரேகைகூட இல்லை. பணம் கொடுத்தது அவர், உழுதது அவர், ஊர் மட்டும் அதைப் பட்டாளத்தான் கொல்லை என்று சொல்லிவிட்டது.

நகலைச் சித்தப்பா மகனிடம் காட்டினேன். நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "ஒப்படை இல்லை என்று ஆயிற்றே, நல்லதாகப் போயிற்று. வில்லங்கம் ஒன்றும் வராது" என்றான். அவன் கணக்கு அவனுக்கு. முன்பணம் போன மாதமே வாங்கிவிட்டார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். மனைப்பிரிவுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

சுபேதார் ஐயா, உங்கள் வெண்கலத் தட்டு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அத்தையிடம் நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். நிற்கிற பெண், கையில் சூலம், காலடியில் சிங்கம் என்றதும், "அது நம் மாரியம்மன் தட்டு இல்லையா?" என்றார். ஆயா உயிரோடு இருக்கும்போதே ஊர்க் கோயிலுக்குக் கொடுத்தாராம். ஏன் கொடுத்தார் என்று கேட்டால், "அம்மன் வீட்டில் இருந்தால் தினம் சுத்தபத்தமாக இருக்க வேண்டும், காட்டு வேலைக்குப் போகிறவள் எப்படி இருப்பாள்" என்கிறார்.

பூசாரி வீட்டில் போய்க் கேட்டேன். இருக்கிறது. அம்மன் நகைப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி. பெட்டியை ஆடி மூன்றாம் வெள்ளிக்குத்தான் திறப்பார்கள், கலெக்டர் வந்து கேட்டாலும் அதற்கு முன்னால் திறக்க மாட்டார்களாம். அதில் ஓரமாக ஏதாவது எழுத்து இருக்குமா என்று கேட்டேன். "அது எழுத்து இல்லையம்மா, யந்திரம். என் அப்பா காலத்திலிருந்து அதற்கும் சேர்த்துத்தான் சந்தனம் சாத்துகிறோம்" என்றார் பூசாரி.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தையும் வருகிறார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும் என்பது நினைவிருக்கிறது, ஐயா. சந்தனத்தை எதைக் கொண்டு எடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

---

பழைய சாப்பர் | ஜூலை 10, காலை 5:45

எடுக்காதீர்கள் அம்மா. சந்தனம் சாத்துவதற்கு முன்னால் அபிஷேகம் செய்வார்கள் அல்லவா, அந்த நேரத்தில் போய் நில்லுங்கள்.